பழுதைச் சொல்லித்தான் ஏலம்

போன மாதம் சிரிப்பு மேடைக்குப் புதிதாக வந்திருக்கிற நீங்கள் நாலைந்து பேர் என் வீடு தேடி வந்தீர்கள். ஒரு தம்பி கேட்டார், "சார், பெரிய மனிதர்களை மனம் புண்படாமல் கிண்டல் செய்வது எப்படி?" ஒரு தங்கை கேட்டார், "கூட்டம் சிரிக்கவே இல்லை என்றால் என்ன செய்ய வேண்டும்?" அன்றைக்கு ஏதோ மழுப்பி, காப்பி கொடுத்து அனுப்பிவிட்டேன். பஸ் ஏறியிருப்பீர்கள், எனக்குத்தான் தூக்கம் போனது. இரண்டு கேள்விக்கும் என்னிடம் ஒரே பதில்தான் இருக்கிறது. அந்தப் பதில் ஒரு பெண்.

பெயரைச் சொல்ல மாட்டேன். "எம் பேரை எங்கயாவது எழுதினியன்னா கல்லறையில இருந்து எந்திரிச்சு வந்து கேப்பேன்" என்று எச்சரித்திருக்கிறார். செய்யக்கூடிய ஆள். என்னைவிட ஒரு வயது இளையவர். ஆனாலும் ஊரே அக்கா என்றதால் நானும் அக்கா என்றேன். அவர் என்னைக் கிளார்க்கையா என்பார். அந்த 'ஐயா'வில் மரியாதை எவ்வளவு, நக்கல் எவ்வளவு என்று எனக்கு இன்றுவரை பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

நான் நாசரேத் பக்கத்து ஆள். மிஷன் பள்ளியில் படித்து, தூத்துக்குடித் துறைமுகத்தில் ஒரு கப்பல் ஏஜெண்டிடம் கிளார்க்காக இருந்தேன். கப்பல் சங்கு, ரயில், தலைவர்கள் என்று குரல் மாற்றிப் பேசுவேன். எங்கள் குடும்பத்தில் மேடை என்றால் அது பிரசங்க மேடைதான். அதனால் வீட்டில் ஓவர்டைம் என்று பொய் சொல்லிவிட்டுத்தான் மேடையேறினேன். எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு தொழிற்சங்க ஆண்டு விழாவில், எனக்குப் பிறகு பேச ஒரு பெண்ணை அழைத்தார்கள். கடற்கரைக் கத்தோலிக்கக் குடும்பம். அப்பா கரையில் மீன் ஏலம் கூறுகிறவர். அவருக்குத் தொண்டை கெட்டுப்போனதும் மகள் அந்த வேலையை எடுத்துக்கொண்டிருக்கிறார். அதுவே பலருக்குப் பிடிக்கவில்லை. மேடைக்கும் வந்தால் கேட்க வேண்டுமா?

அவர் செய்தது ஒன்றே ஒன்றுதான். முன்வரிசை நாற்காலியில் இருந்த பெரிய மனிதர்களை ஒவ்வொருவராக, மீனைப் போல ஏலம் விட்டார்.

அவர்கள் கரையில் ஒரு வழக்கம் உண்டு. மீனுக்கு விலை கேட்கத் தொடங்கும் முன்பே ஏலம் கூறுகிறவர் அதன் பழுதைச் சொல்லிவிட வேண்டும். வால் அறுந்திருந்தால், வயிறு தளர்ந்திருந்தால், நேற்றுப் பிடித்ததாக இருந்தால், சொல்லித்தான் ஏலம் கூற வேண்டும். மறைத்தால் அந்த ஏலம் செல்லாது. அதே வழக்கத்தை அவர் அப்படியே மேடைக்குக் கொண்டுவந்துவிட்டார்.

அன்று முதலில் சிக்கியவர் துறைமுக அதிகாரி ஒருவர். "பெரிய மீனுதான், வஞ்சகமில்ல. ஆனா ஒரு பழுது உண்டு கேட்டுக்கிடுங்க. ஃபைலை முழுங்கும், வெளிய விடாது. மூணு வருசத்து ஃபைலு வயித்துக்குள்ள கெடக்கு. வாங்குதவன் அறுத்துப் பாத்து எடுத்துக்கிடணும்." அடுத்து ஒரு கட்சிக்காரர். "இது போன எலெக்சன்ல வேற கடல்ல நீந்திச்சு. உப்பு சரியா இருக்குமான்னு எனக்குத் தெரியாது." தொழிலாளர்கள் கீழே விழுந்து புரண்டார்கள். நான் மேடை ஓரத்தில் வாய் பிளந்து நின்றேன். கப்பல் சங்கு ஊதிக் கைத்தட்டு வாங்கிய எனக்கு, நான் இதுவரை செய்தது சிரிப்பே இல்லை என்று அந்த நிமிடம் தெரிந்துபோனது.

நானே போய்ச் சேர்ந்துகொண்டேன். என் வேலை, ஏலத்தில் முதல் விலை கேட்பது. அக்கா பழுதைச் சொல்லி முடித்ததும் நான் ஓரத்தில் நின்று யாராவது ஒரு தலைவரின் குரலில் "பத்து ரூவா!" என்பேன். கூட்டம் சிரிக்கும், பிறகு கூட்டமே விலை கேட்கத் தொடங்கிவிடும். மாட்டிக்கொண்ட அதிகாரியும் சிரித்துக்கொண்டே தப்பிப்பார். நான் கதவைத் திறந்துவிடுகிற ஆள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பொம்பளை மேடையேறி ஆம்பளையை ஏலம் கூறுகிறாளே என்று ஏசினார்கள். "தெனமும் கரையில ஆம்பளை கொண்டுவந்ததைத்தானே கூறுதேன். இன்னைக்கு ஆம்பளையே வந்திருக்கான், அம்புட்டுத்தான்" என்பார். பங்குச் சாமியாரிடம் புகார் போனது. சாமியார் விசாரிக்க வந்தவர், நிகழ்ச்சியைப் பார்க்க முன்வரிசையில் உட்கார்ந்தார். விட்டாரா? "சாமி நல்ல சாமிதான். பிரசங்கம் தொடங்கத் தெரியும், முடிக்கத் தெரியாது. எடுக்குத ஆளு ஞாயித்துக்கிழமை மத்தியானச் சோத்தை மறந்துரணும்." எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தவர் சாமியார்தான். அடுத்த ஞாயிறு பூசை சீக்கிரம் முடிந்தது என்று ஊரே அக்காவுக்கு நன்றி சொன்னது.

அப்படியே ஏலம் போவது ஒரு பெருமை ஆகிவிட்டது. ஒரு சங்கத் தலைவர், தன்னை ஏலம் விடாமல் விட்டதற்காக ஒரு மாதம் எங்களிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

என் முட்டாள்தனம் ஒன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். ஏரலில் ஒரு வியாபாரிகள் விழா. மைக் செட் போட்டவருக்குத் திக்குவாய். நான் அவர் மாதிரி திக்கித் திக்கி "மை... மை... மைக் டெஸ்டிங்" என்றேன். அதுவரை என் வாழ்க்கையில் அவ்வளவு பெரிய சிரிப்பை நான் வாங்கியதில்லை. மைக் செட்காரர் எழுந்தார், மைக்கை அணைத்தார், ஒயரைச் சுருட்டத் தொடங்கினார். அக்கா மீதி ஒரு மணி நேரத்தையும் மைக் இல்லாமல் கத்தியே முடித்தார். திரும்பி வரும் பஸ்ஸில் ஒரே ஒரு தடவை சொன்னார்.

"நாக்காலியில இருக்குதவனை எடுங்க கிளார்க்கையா. மண்ணுல உக்காந்திருக்குதவனை எடுக்காதிய. அவனை எடுக்கதுக்கு மேடை எதுக்கு? அதை எல்லாரும் தெருவிலயே செய்யுதாவளே."

மறுநாள் நான் ஏரலுக்குப் போய் மைக் செட்காரரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் மன்னிக்கவில்லை. அதுவும் நியாயம்தான்.

இனி நான் சொல்ல வந்த மாலை.

கீழவைப்பாருக்குப் போகிற வழியில் ஒரு கடற்கரை ஊர். பெயர் வேண்டாம். ஒரு தோணி முதலாளி அந்த ஊருக்கு ஒரு மண்டபம் கட்டிக் கொடுத்திருந்தார். கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப் போகிற பாய்த்தோணிகள் அவருக்கு மூன்று இருந்தன. இல்லை, இரண்டு. மூன்றாவது இரண்டு மாதத்துக்கு முன்பு கடலில் போய்விட்டது. அதில் போனவர்களில் மூன்று பேர் திரும்ப வரவில்லை. இரண்டு தோணிக்காரர்கள், ஒரு தண்டல். தோணியை நடத்துகிற தலைவரைத் தண்டல் என்பார்கள்.

தண்டல் குடித்திருந்தான், அதனால்தான் தோணி போனது என்று முதலாளி சொன்னார். அந்தத் தண்டல் குடிக்கிறவர் இல்லை என்பது ஊரில் குழந்தைக்கும் தெரியும். நடந்தது வேறு. பலகை இடுக்குகளில் பஞ்சு வைத்து அடைக்கிற வேலையைக் கலப்பத்து என்பார்கள். அது பார்க்க வேண்டிய கெடு தாண்டிவிட்டது, பார்க்காமல் தோணியை எடுக்க மாட்டேன் என்று தண்டல் துறையில் நின்று கத்தியிருக்கிறார். இந்த ஒரு நடை போய் வா, வந்து பார்க்கலாம் என்று முதலாளி அனுப்பியிருக்கிறார். அதைக் காதால் கேட்டவர்கள் பத்துப் பேராவது இருப்பார்கள். பத்துப் பேரும் முதலாளியிடம் வேலை செய்கிறவர்கள். யார் வாயைத் திறப்பார்?

இறந்துபோன மற்ற இரண்டு பேரின் மனைவிமாருக்குக் கோபத்தை எங்கேயாவது இறக்கி வைக்க வேண்டியிருந்தது. தண்டலின் மனைவிமீது இறக்கினார்கள். கோயிலில் அவர் பக்கத்தில் உட்கார ஆளில்லை. தண்ணீர் எடுக்கப் போனால் மற்ற பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு விலகினார்கள்.

அப்படிப்பட்ட ஊருக்குத்தான், "எல்லாரும் மனசொடிஞ்சு கெடக்காவ, கொஞ்சம் சிரிக்கட்டும்" என்று முதலாளி எங்களை அழைத்தார். நான் போக வேண்டாம் என்றேன். அக்கா ஒப்புக்கொண்டார். ஏனென்றால் மறுக்க முடியாது. அவருடைய கூடப்பிறந்த தம்பி அதே முதலாளியின் இன்னொரு தோணியில் வேலை பார்த்தான். வருகிற பருவத்தில் அவனைத் தண்டல் ஆக்குவதாக முதலாளி வாக்குக் கொடுத்திருந்தார். துறையில் நின்று அந்தச் சண்டையைக் கேட்ட பத்துப் பேரில் அவனும் ஒருவன்.

அன்று காலையில் ஏலக் கரைக்கே தம்பி வந்துவிட்டான். நானும் அங்கேதான் இருந்தேன்.

"ஏக்கா, யாரை வேணும்னாலும் கூறு. மொதலாளியை மட்டும் விட்டுரு. எனக்கு ரெண்டு புள்ளையளு இருக்கு."

"சரிலே, விட்டுட்டேன்."

"இப்பிடித்தான் சொல்லுவே. மேடையில ஏறினா ஒன் நாக்கு ஒன்னையே கேக்காது."

"மாதா மேல ஆணை. போதுமா? போ, போயி வேட்டியைத் துவைச்சுக் கட்டிக்கிட்டு வா."

எனக்கும் நிம்மதியாக இருந்தது. பயந்த ஆளுக்கு அடுத்தவர் ஆணை எவ்வளவு ஆறுதல் தெரியுமா!

மாலை நான்கு மணிக்கு மண்டபத்துக்கு முன்னால் மேடை. நாற்காலியில் முதலாளி, பங்குச் சாமியார், ஒரு அரசு அதிகாரி, இன்னும் சிலர். மற்ற எல்லாரும் மணலில். வலது பக்கம் தண்டலின் மனைவி தனியாக உட்கார்ந்திருந்தார். அவரைச் சுற்றி ஒரு பாய் விரிக்கிற அளவுக்கு யாரும் உட்காராமல் மணல் வெறுமனே கிடந்தது. இந்த அம்மா ஏன் வந்தார் என்று நினைத்தேன். வராமல் இருந்தால் புருஷன்மேல் சொன்ன பொய்யை ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும் என்று வந்தாராம். பிறகுதான் தெரிந்தது.

அக்கா சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். அதிகாரியைக் கூறினார், சாமியாரைக் கூறினார், மண்டபம் கட்டிய கொத்தனாரைக்கூட நாற்காலி போட்டு உட்கார வைத்துக் கூறினார். கூட்டம் தயங்கித் தயங்கிச் சிரிக்கத் தொடங்கியது. எல்லாம் முடிந்து கும்பிட்டார். நான் மூச்சு விட்டேன்.

அப்போது முதலாளி எழுந்தார்.

"என்னம்மா இது? ஊர்ல எல்லாரையும் கூறிட்டு என்னை மட்டும் விட்டுட்டியே. நான் என்ன கருவாடா?"

கூட்டத்தில் ஒரு சிரிப்பு. அக்கா கையெடுத்துக் கும்பிட்டார். "மொதலாளி, விழா நடத்துதவிய நீங்க. அழைச்ச வீட்டுக்காரரை ஏலம் போடுத வழக்கம் இல்ல."

"அதெல்லாம் ஆவாது. கூறு."

"ஏலம்னா பழுதைச் சொல்லணுமே மொதலாளி. வேண்டாமே."

"சொல்லு, சொல்லு! எங்கிட்ட என்ன பழுது கெடக்குன்னு நானும் தெரிஞ்சுக்கிடுதேன்." காலைத் தூக்கிப் போட்டு உட்கார்ந்தார். பழுது சொல்லப்படுவதும் ஒரு மாலை மரியாதை என்று ஆகிப்போயிருந்த காலம். அந்தப் பழக்கத்தை உண்டாக்கியதும் நாங்கள்தான்.

அக்கா கூட்டத்தின் கடைசியைப் பார்த்தார். தம்பி அங்கே கவிழ்த்துப் போட்ட வள்ளத்தில் சாய்ந்து நின்றான். மேற்கு வெயில் அவனுக்குப் பின்னால் அடித்ததால் முகம் தெரியவில்லை. பிறகு வலது பக்கம், அந்த வெறும் மணலைப் பார்த்தார். நான் மேடை ஓரத்திலிருந்து வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். என்னை அவர் பார்க்கவே இல்லை.

"சரி. மொதலாளி கேட்டுட்டாவ. மாட்டேன்னா மரியாதை இல்ல" என்று தொடங்கினார். "நல்ல எடை உள்ள மீனு. பாத்தாலே தெரியும். சின்னப் பழுது, காலையில எட்டு மணிக்கு மேலதான் கண்ணு தொறக்கும்." சிரித்தார்கள். "இன்னொண்ணு, வெத்திலை இல்லாம வாயி அசையாது." முதலாளியும் சிரித்தார். "மூணாவது..." என்று நிறுத்தினார். குரல் இறங்கிவிட்டது. மேடைக் குரலும் இல்லை, ஏலக் குரலும் இல்லை.

"மூணாவது, பெரிய பழுது. இந்த மீனுக்குக் காது கெடையாது. பலகை விட்டிருக்கு, கலப்பத்து பாக்காம எடுக்க மாட்டேன்னு தண்டல் துறையில நின்னு தொண்டை கிழியக் கத்துனாரு. இதுக்குக் கேக்கல."

முதலாளியின் வாயில் வெற்றிலை அசைவது நின்றது.

"பழுதைச் சொல்லிட்டேன். கேப்பார் உண்டா? ஒரு தரம்."

இது என் இடம். நான் முதல் விலை கேட்க வேண்டிய இடம். பத்து ரூவா என்று தலைவர் குரல் என் நாக்கு நுனியில் வந்து நின்றது. சொல்லியிருந்தால் கூட்டம் அப்பாடா என்று சிரித்திருக்கும். முதலாளியும் சிரித்திருப்பார். அக்கா சொன்னது இன்னொரு ஜோக்காகிக் காற்றோடு போயிருக்கும். நான் வாயைத் திறக்கவில்லை. யோசித்துத் திறக்காமல் இருந்தேன் என்று சொல்லத்தான் ஆசை. உண்மை அதுவல்ல. பயந்துவிட்டேன். என் நாற்பது வருட மேடை வாழ்க்கையில் நான் செய்த மிகச் சரியான காரியம், பயத்தில் சும்மா இருந்ததுதான்.

முதலாளியின் ஆட்கள் நாலு பேர் அங்கே இருந்தார்கள். வேறு நாளாக இருந்தால் நூறு, இருநூறு என்று போட்டி போட்டுக் கத்தியிருப்பார்கள். அன்று ஒருவன்கூடத் தலை நிமிரவில்லை. முதலாளி திரும்பித் திரும்பி அவர்களைப் பார்த்தார்.

"ரெண்டு தரம்."

கூட்டம் சிரிக்காவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்று கேட்ட தங்கையே, இதைக் கேளுங்கள். அக்கா ஒன்றும் செய்யவில்லை. அடுத்த ஜோக்குக்குத் தாவவில்லை, மன்னிப்புக் கேட்கவில்லை, தண்ணீர் குடிக்கவில்லை. நின்றார். எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. ஒரு மனுஷி ஒரு ஊரின் மௌனத்தை அப்படித் தாங்கி நிற்பதை அதற்கு முன்பும் நான் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை.

அப்போது வலது பக்கத்திலிருந்து ஒரு குரல்.

"நாலணா."

தண்டலின் மனைவி எழுந்து நின்றிருந்தார். கறுப்புச் சேலை. முக்காட்டை இழுத்துச் செருகிக்கொண்டு மறுபடி சத்தமாகச் சொன்னார். "நாலணாவுக்கு நான் கேக்கேன். காது இல்லாட்டா பரவாயில்ல."

முதலில் ஒரு கிழவர் சிரித்தார். பிறகு பெண்கள். பிறகு முழு ஊரும். இரண்டு மாதம் அடக்கி வைத்த சிரிப்பு அது. சிலர் சிரித்துக்கொண்டே அழுதார்கள், சாமியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், முதலாளியின் கார் டிரைவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு குலுங்கினான்.

"மூணு தரம்" என்றார் அக்கா.

முதலாளி எழுந்து காருக்கு நடந்தார். கார் மணலில் புதைந்து உறுமியது. எப்போதும் பத்துப் பேர் ஓடிவந்து தள்ளுவார்கள். அன்று யாரும் எழுந்திருக்கவில்லை. டிரைவர் ஏதேதோ செய்து ஒருவழியாகக் காரைக் கிளப்பிக்கொண்டு போனான்.

கார் ரோட்டில் ஏறும் முன்பே, இறந்துபோனவர்களில் ஒருவரின் மனைவி இடுப்பில் குழந்தையோடு எழுந்தார். அந்த வெறும் மணலைத் தாண்டிப் போய்த் தண்டலின் மனைவி பக்கத்தில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் மற்றவரும் போனார். குழந்தை நடுவில் மண்ணை அள்ளி விளையாடியது.

இதற்கு விலை கொடுக்காமல் இல்லை. ஒரு வருடத்துக்கு மேல் அந்தக் கரையில் எங்களுக்கு மேடை கிடைக்கவில்லை. மறுநாளே தம்பியைத் தோணியிலிருந்து நிறுத்திவிட்டார்கள். அவன் பிறகு பெரியதாழைக்குப் போய் மாமனாரோடு மீன்பிடித்தான். தண்டல் ஆகவே இல்லை. மனம் புண்படாமல் கிண்டல் செய்வது எப்படி என்று கேட்ட தம்பிக்கு இதைத்தான் சொல்ல முடியும். புண்படும். யாருக்குப் புண்பட வேண்டும் என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். அதற்குக் கொடுக்கிற விலையில் உங்கள் பங்கும் இருக்கும்.

ஆனால் அதெல்லாம் மறுநாள் கதை. அன்று மாலை நான் மேடைக்குப் பின்னால் போனபோது அக்கா தட்டியைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார். மேடையில் நின்ற அந்த மனுஷிதானா இது என்று எனக்குத் திகைப்பாக இருந்தது. அப்படியே மணலில் உட்கார்ந்தார்.

"கிளார்க்கையா, என் தம்பி சோத்துல நானே மண்ணள்ளிப் போட்டுட்டேனே. மாதா மேல ஆணை வச்சேனே."

தண்ணீர் கொடுத்தேன். அதற்குள் தம்பி தட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தான். அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். அவன் அவருக்கு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தான்.

"ஏக்கா, ஒன் மேல எனக்குக் கோவம்தான்" என்றான். "என்னைப் பாத்துல்லா ரெண்டு தரம்னு சொல்லியிருக்கணும்? நாலணான்னு கேக்க நான் வாயைத் தொறந்துட்டேன். அதுக்குள்ள தண்டல் வீட்டு மதினி முந்திட்டாவ."